காற்றைப் பிழையாகச் சொன்னது நான்தான்

மகன் யூட், நீ இன்னும் படகு ஏறவில்லை என்றால் ஏறாதே. அப்பாவைக் கூட்டிப் போக நீ வரத் தேவையில்லை. அப்பா இல்லை. இரண்டு வருடமாக இல்லை. அதற்குப் பிறகு அவர் பெயரில் றேடியோவில் வந்த செய்தியெல்லாம் நான் எழுதியவை. காற்றைப் பிழையாகச் சொன்னதும் நான்தான்.

இந்த நாலைந்து வரிதான் செய்தி. நீளமான கடிதங்களை வானொலியில் வெட்டித்தான் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வெட்டக் கூடாததை மேலே வைத்துவிட்டேன். மிச்சத்தை நேரம் இருந்தால் வாசிக்கட்டும், இல்லாவிட்டால் விடட்டும். முகாம் விலாசத்துக்குப் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. நீ வேலைக்கென்று வேறு ஊருக்குப் போய்விட்டாய் என்பது மட்டும் தெரியும், எந்த ஊர் என்று தெரியாது. உன் காதுக்கு வர எனக்கு இருக்கிற வழி இந்த வானொலி ஒன்றுதான். அதுவும் வருட முடிவோடு அடைபடப் போகிறது. அடுத்த வருடம் தொடக்கம் நிகழ்ச்சி மறுபடி அரை மணித்தியாலம்தான், உறவுகளுக்குச் செய்தி வாசிக்கிற பகுதி இல்லை என்று போன கிழமை வானொலியில் வாசிக்கிற அக்கா சொன்னா. சொல்லும்போது அவவின் குரலும் ஒரு மாதிரித்தான் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் வாசிக்கிற பிள்ளை திருத்தி வாசிக்கட்டும். நான் செய்த மற்றப் பிழையை மட்டும் திருத்தாமல் அப்படியே வாசிக்கட்டும்.

அந்த வானொலி எங்கள் வீட்டுக்கு வந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பில் தமிழ்ச் சனத்தின் வீடுகளை எரித்தபோது உன் மாமா கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். கையில் இருந்தது உடுத்த சாரமும் ஒரு றேடியோப் பெட்டியும். பிறகு மாமா கனடாவுக்குப் போனார், பெட்டி எங்களோடு நின்றுவிட்டது. அப்பா அதைத் திருகிக்கொண்டிருந்தது வேதத்துக்காக இல்லை, காற்றும் மழையும் எப்படி என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான். ஒரு காலை, கடல் தொழிலால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு திருகும்போது ஒரு மணிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் பிள்ளை தமிழில் கதைத்தா. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து வைக்கிற மாதிரி.

"இஞ்சாரும், இது எந்த ஊர்த் தமிழ்?" என்று அப்பா கேட்டார்.

"பூசைத் தமிழ்" என்றேன் நான். நீ பாயில் இருந்து சிரித்தாய். உனக்கு அப்போது பத்து வயது.

கடலுக்கு அப்பால் ஒரு தீவு நாட்டில் இருந்து வருகிற கிறிஸ்தவ வானொலி என்றார்கள். தமிழுக்கு அரை மணித்தியாலம். எப்படிக் கேட்கிறது என்று எழுதுங்கள் என்று கேட்டார்கள். நீ கொப்பித் தாளைக் கிழித்து எழுதினாய், "தெளிவாகக் கேட்கிறது, இடையில் சீனப் பாட்டு வருகிறது, அதை நிற்பாட்டவும்" என்று. மூன்று மாதத்துக்குப் பிறகு அவர்களுடைய கோபுரத்தின் படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. நீ அதை அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட நின்றபோது அப்பா சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. "அந்தோனியாரைக் கொஞ்சம் அரக்கி வை மகன். அவர் ஒல்லியான ஆள், கோவிக்க மாட்டார்." அந்த அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது. கோபுரம் வெளிறிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து அந்த வானொலியின் சுவாமியார் யாழ்ப்பாணம் வந்தார். கோயில் மண்டபத்தில் கூட்டம். வேதக்காரர் மட்டும் இல்லை, உடுவில், சுன்னாகம் பக்கத்துச் சைவச் சனமும் சைக்கிளில் வந்து இருந்ததைக் கண்டு சுவாமியாரே திகைத்துப் போனார். அவர் தாங்கள் தொடங்கின கதையைச் சொன்னார். ஒரு அறை, ஒரு சுவாமியார், ஒரு கன்னியாஸ்திரி, ஒரு ஒலிப்பதிவுப் பெட்டி. வெளிச்சத்தம் வராமல் சுவரெல்லாம் போர்வை கட்டியிருந்தார்களாம். தகரக் கூரையில் மழை பெய்தால் வேலையை நிறுத்திவிட்டு மழை விடும்வரை செபமாலை சொல்வார்களாம். முதல் வருடம் யாராவது கேட்கிறார்களா என்றே தெரியாமல் கதைத்தார்களாம். "குருநகரில் இருந்து வருகிற கடிதங்களில் மீன் மணக்கும், அதைப் பிடித்துப் பார்த்துத்தான் நாங்கள் காற்றோடு கதைக்கவில்லை என்று நம்பினோம்" என்று சொன்னபோது சனம் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் எழும்பினார். நீ வெட்கத்தில் என் சீலைக்குப் பின்னால் ஒளித்தாய்.

"சுவாமி, பாட்டைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டு, காத்தைப் பற்றிச் சொன்னால் எங்களுக்கு உதவி" என்றார் அப்பா.

"நாங்கள் அங்கை இருக்கிறம் ஐயா. உங்கடை காத்து எங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"அப்ப நான் எழுதி அனுப்புறன். நீங்கள் வாசியுங்கோ."

மண்டபம் முழுவதும் விழுந்து சிரித்தது. ஆனால் அப்பா சொன்னபடி எழுதினார். எழுதிய கடிதமெல்லாம் ஒரே மாதிரித்தான், சுகம், நிகழ்ச்சி நல்லம், இப்போது சோளகம் வீசுகிறது அல்லது வாடை வீசுகிறது. ஆடி ஆவணிக்குத் தெற்குச் சோளகம், மார்கழி தைக்கு வடக்கு வாடை, எங்களுக்கு வேறென்ன காற்று. அவர்களும் சிரித்துச் சிரித்து வாசித்தார்கள். எழுத முன் அப்பா வாசற்படியில் குந்தியிருந்து விரல் விட்டு எண்ணுவார். வாய் அசையும். நான் அதைச் செபமாலைக் கணக்கு என்று நினைத்திருந்தேன் மகன். முப்பது வருடம் நெருங்கக் கூட இருந்த மனுசன் எதை எண்ணுகிறார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீ கலியாணம் செய்தால், உனக்கு ஒருத்தி வந்தால், நீ எண்ணுகிறதை அவளுக்கும் சொல்லிக் கொடு. அவள் கேட்காவிட்டாலும் சொல்லு. இப்படி ஒரு சின்ன விசயம் தெரியாததால்தான் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எண்பத்தேழில் சண்டையில் சனம் சிதறியபோதுதான் அவர்கள் உறவுகளுக்குச் செய்தி வாசிக்கத் தொடங்கினார்கள். அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலமானது. எந்தக் கோயிலில் யார் இருக்கிறார்கள், யார் யாரைத் தேடுகிறார்கள் என்று பெயர் பெயராக வாசித்தார்கள். ஒரு நாள் உயிரோடு இருந்த ஒருவரின் பெயரை இறந்தவர்களின் பெயரோடு சேர்த்து வாசித்துவிட்டார்கள். அடுத்த நாள் மணி அடித்ததும், செபம்கூடச் சொல்லாமல், அந்த அக்கா அந்தப் பெயரைச் சொல்லி, "நேற்று நாங்கள் சொன்னது தவறு. அவர் உயிரோடு இருக்கிறார். அவருடைய வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்" என்றா. அந்தக் காலத்தில் ஒரு றேடியோ ஒரு கதை சொல்லும், இன்னொரு றேடியோ வேறு கதை சொல்லும், இரண்டும் எங்கள் தலைக்கு மேலால் போகும். அப்பா அன்றைக்குப் பெட்டியின் தலையில் தட்டிச் சொன்னார், "பிழையைப் பிழையெண்டு சொல்லுற பெட்டி இது ஒண்டுதான்." அந்தப் பெட்டியின் வாயில்தான் நான் பொய்யை வைத்தேன். அவர்கள் இருந்தவரைச் செத்தவர் என்று ஒரு நாள் சொல்லி அடுத்த நாள் திருத்தினார்கள். நான் செத்தவரை இருக்கிறார் என்று இரண்டு வருடம் சொல்லவைத்தேன்.

தொண்ணூறில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. பற்றரி வைத்திருந்தாலே குற்றம் என்றார்கள். அந்த வருடம்தான் உன்னை இந்தியாவுக்கு அனுப்பினோம். அனுப்பினோம் என்று சொல்வதும் பொய். நான்தான் அனுப்பினேன். "அப்பா தனியத் தொழிலுக்குப் போகேலாது, நான் போகமாட்டன்" என்று நீ நின்றாய். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் உன் வயதுப் பிள்ளைகள் காணாமல் போனார்கள், அல்லது செத்துப் படமாகச் சுவரில் வந்தார்கள். நீ போகாவிட்டால் நான் சாப்பிட மாட்டேன் என்று இரண்டு நாள் கிடந்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் நீ வந்து என் கால்மாட்டில் இருந்து, "சரி எழும்பிச் சாப்பிடணை, போறன்" என்றாய். பிள்ளையை அப்படி வெருட்டக் கூடாது. என் பயத்தை உன் தலையில் கட்டினேன். விடியற்காலை உன்னை உன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அப்பா தொண்டைமானாற்றுக்குப் போனார். வள்ளத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. மத்தியானம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். காற்றுப் போய்விட்டதா என்று கேட்டேன். "இல்லை, ஏறி ஓட மனம் வரேல்லை" என்றார்.

அந்தச் சைக்கிள்தான் பிறகு எங்களுக்குக் கரண்டு. முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் அழுத்தி, வயரைப் பெட்டிக்கு இழுத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் பெட்டி எரிந்துவிடும், மெதுவாகச் சுற்றினால் குரல் கிணற்றுக்குள் போகும். காலை ஆறரைக்கு மணிச் சத்தம் கேட்க ஆறு இருபதுக்கே சுற்றத் தொடங்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஒழுங்கை முழுக்கச் சைக்கிள் சத்தம்தான். பெட்டி இல்லாத பிலோமினா அக்காவும் எங்கள் முற்றத்துக்கு வந்துவிடுவா. நீ போய் ஒன்றரை மாதத்தில் உன் செய்தி வந்தது. "குருநகர் அருளப்பு அவர்களுக்கு, உங்கள் மகன் யூட் சுகமாக வந்து இறங்கி மண்டபம் முகாமில்..." அப்பாவின் கை நின்றுவிட்டது. குரலும் அதோடு நின்றது.

"சுத்துங்கோ அண்ணை, மிச்சத்தையும் கேப்பம். பொடியன் சாப்பாட்டைப் பற்றி ஏதும் சொல்லுவான்" என்று பிலோமினா அக்கா கத்தினா. அப்பாவால் முடியவில்லை. அவதான் பெடலைப் பறித்துச் சுற்றினா. மிச்சத்தில் பாதிதான் கேட்டது. நீ என்ன சொல்லியிருந்தாய் என்று பிறகு எத்தனையோ நாள் நாங்கள் மூன்று பேரும் ஊகித்தோம்.

மூன்று வருடம் அப்படிப் போனது. அப்பா எழுதுவார், ஒட்டுவார், கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து கொழும்புக்குப் போகிறவர்களின் கையில் கொடுப்பார். அவர்கள் அங்கே தபாலில் போட, எல்லாமாக மூன்று மாதம் கழித்து வாசிப்பார்கள். வாசிக்கும்போது அப்பா சொன்ன காற்று அந்த நேரம் முற்றத்திலும் வீசும். அதை ஒரு பெரிய காரியமாக நான் நினைத்ததே இல்லை.

தொண்ணூற்று மூன்று புரட்டாதியில் அப்பா போனார். விடிந்தபிறகுதான் கடலுக்குப் போனவர், கரையில் நின்றால் ஆளைத் தெரிகிற தூரம். துப்பாக்கிச் சூடு வந்தது. கூடப் போனவர்கள் கொண்டுவந்து இறக்கினார்கள். அவருக்கு மார்பில் பட்டது. நீ கேட்பாய் என்று எழுதுகிறேன், கரைக்கு வரும்போதே உயிர் இல்லை, கனநேரம் துடிக்கவில்லை என்று சொன்னார்கள். எனக்காகச் சொன்னார்களோ தெரியாது. சேமக்காலையில் உன் பாட்டனாருக்குப் பக்கத்தில் வைத்தோம். நீ போட வேண்டிய மண்ணை நான் இரண்டு பிடியாகப் போட்டேன்.

முப்பத்தோராம் நாள் செபம் முடிந்தபிறகு உனக்கு எழுத இருந்தேன். உள்ளதைத்தான் எழுத இருந்தேன். அந்தக் கிழமை வெங்காயம் கொண்டுவந்த சுன்னாகத்துப் பெண் ஒருத்தி எங்கள் வாசலில் இருந்து அழுதாள். அவர்களுடைய ஊரில் ஒரு பொடியன், தகப்பனுக்குக் கொள்ளி வைக்கக் கொழும்பில் இருந்து வந்தவன், கிளாலியைக் கடக்கும்போது சூடு பட்டுப் போய்விட்டான். ஒரே வீட்டில் இரண்டு சாவு. "சொல்லாமல் விட்டிருக்கலாம் அக்கா, சொல்லித்தானே வந்தவன்" என்றாள். நான் எழுந்து உள்ளே போனேன். அப்பாவின் பைபிளுக்குள் அவர் எழுதத் தொடங்கின தாள் கிடந்தது. "மகன், நாங்கள் சுகம். இப்ப வாடை தொடங்கியிருக்கும்." அவ்வளவுதான். அவர் அதை எழுதியது புரட்டாதியில். வெளியே அப்போது சோளகம்தானே. மனுசனுக்கு என்னவோ மாறிப்போச்சு, சாவு வருகிறது உள்ளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அந்தக் காற்று வரியை விட்டுவிட்டு மிச்சத்தை அவர் பெயரிலேயே எழுதினேன். மகன், நாங்கள் சுகம். அருளப்பு.

தை மாதம் அதை வாசித்தார்கள். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. சேமக்காலைக்கு வந்து மண் போட்ட சனம் முழுவதும், தங்கள் தங்கள் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு, அருளப்பு சுகம் என்று கேட்டது. அந்த ஞாயிறு பூசை முடிந்து வர ஒருத்தி என்னை மறித்தாள்.

"உங்கடை மனுசன் நல்ல சுகமாம். றேடியோவிலை சொல்லிச்சினம். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

பிலோமினா அக்கா எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றா. "ஓம், சுகம்தான். உன்ரை மனுசனை விடச் சுகம். அவர் குடிக்கிறேல்லை." அதோடு அவள் போய்விட்டாள். பிறகு நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன், முகாமுக்கு எழுதினால் இதை எழுதாதேயுங்கள் என்று. ஒருவரும் எழுதவில்லை. ஊரே சேர்ந்து உனக்குப் பொய் சொன்னது மகன், நான் காலில் விழாக் குறையாகக் கேட்டதால். அவர்களைக் கோவிக்காதே.

சித்திரையில் உன் குரல் அக்காவின் வாயால் வந்தது. "அப்பா, இந்த முறை ஏன் காற்றைச் சொல்லவில்லை? கடலுக்குப் போவதில்லையா?" நான் பயந்துபோனேன். அடுத்த கடிதத்தில் காற்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதை எழுத ஆவணி மாதமாகிவிட்டது. கதவைத் திறந்து பார்த்தேன். சோளகம் கிடுகு வேலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இதில் என்ன பிழைக்க இருக்கிறது என்று, "இப்ப சோளகம் பலமாய் வீசுது" என்று எழுதினேன். எழுதி முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அப்பா மாதிரியே எழுதிவிட்டேன் என்று.

அந்தக் கடிதம் சுணங்கிப் போனது. மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கிழமை இருக்க வாசித்தார்கள். மழைத் தூறலுக்குச் சைக்கிளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்து நான் சுற்றிக்கொண்டிருந்தேன். வாடைக் குளிருக்குப் பிலோமினா அக்கா சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு இருந்தா. "குருநகர் அருளப்பு ஐயா தம் மகன் யூட்டுக்குச் சொல்கிறார்: இப்போது சோளகம் பலமாக வீசுகிறது." எங்கள் இருவரின் முகத்திலும் வாடை அடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அவர் விரல் விட்டு எண்ணியது மாதத்தை. கடிதம் போய்ச் சேர்ந்து வாசிக்கிற நாளில் என்ன காற்று வீசும் என்று எண்ணி அந்தக் காற்றை எழுதியிருக்கிறார். புரட்டாதியில் வாடை என்று எழுதியது பிழை இல்லை. நான்தான் சரியானதை வெட்டிவிட்டுப் பிழையை எழுதினேன்.

பிலோமினா அக்கா சிரிக்கத்தான் பார்த்தா. "அருளப்பண்ணை மேலை இருந்தெல்லோ கதைக்கிறார். அங்கை சோளகமாக்கும்" என்றா. பிறகு என் முகத்தைக் கண்டு, வாயைப் பொத்தி, பெடலை என் கையில் இருந்து வாங்கினா.

நீ கண்டுபிடிப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவோடு அந்தப் படியில் குந்தியிருந்து எண்ணினவன் நீ. பங்குனியில் உன் செய்தி வந்தது. எனக்கு அது மனப்பாடம். "அப்பா, மார்கழியில் சோளகம் வீசுது எண்டு சொல்லியிருக்கிறியள். நீங்கள் அப்பிடிப் பிழை விடுற ஆள் இல்லை. உங்களுக்கு என்னவோ செய்யுது, அம்மா மறைக்கிறா. ஒரு வள்ளம் சரிவந்தால் நான் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வாறன்." அதை அந்த அக்கா தன்னுடைய பூசைத் தமிழில் வாசிக்காமல், நீ எழுதினபடியே எங்கள் தமிழில் வாசித்தா. அம்மா மறைக்கிறா என்ற இடத்தில் பெட்டி கரகரத்தது. எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு உன் செய்தி இல்லை. ஐந்து மாதம். நீ வரக் கூடாது என்று சொன்ன பொய்தான் உன்னை வரக் கூப்பிட்டது. அப்பா போய்விட்டார் என்று நேராகச் சொல்லியிருந்தால் நீ அங்கே ஒரு கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்து, அழுது, இருந்திருப்பாய். இப்போது நீ இருக்கிறாயா, வெளிக்கிட்டுவிட்டாயா என்றுகூட எனக்குத் தெரியாது. வைகாசியில் தொண்டைமானாற்றுக்குப் போனேன். பாதி நடை, பாதி பிலோமினா அக்காவின் மகள் சைக்கிளில் ஏற்றிவிட்டாள். கரையில் நின்றவர்களிடம் இந்தியாவில் இருந்து வள்ளம் வந்ததா என்று கேட்டேன். ஒரு வயதான ஓட்டி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பங்குனிக்குப் பிறகு மூண்டு வெளிக்கிட்டது தங்கச்சி. ரெண்டு வந்தது."

"மற்றது?"

"மற்றது வரேல்லை."

"அதிலை ஆர் ஆர் வந்தது அண்ணை?"

"அது எங்களுக்குத் தெரியாது. திரும்பிப் போயும் இருக்கலாம். நீங்கள் வீட்டை போங்கோ."

நான் வீட்டுக்குப் போகவில்லை. சன்னதிக்குப் போனேன். வேதக்காரி நான், முருகனுக்குக் கற்பூரம் கொளுத்தினேன். அந்த வராத வள்ளத்தில் நீ இருக்கக் கூடாது என்று கேட்டேன். பிறகு அதில் இருக்கிறவனும் ஒருத்தியின் பிள்ளைதானே என்று நினைத்து, என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

போன மாதம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பங்குச் சுவாமியார் இளம் ஆள், பொறுமையாகக் கேட்டார். "உந்தப் பொய்யை ஆருக்குச் சொன்னனீங்கள் அம்மா?"

"மகனுக்கு, றேடியோவிலை."

"அப்ப மகனுக்கு, றேடியோவிலைதான் திருத்த வேணும். என்னட்டைச் சொல்லி அவன் எப்பிடிக் கேக்கிறது?"

அதனால் எழுதுகிறேன். வானொலிக்காரரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தங்களுடைய ஆண்டு நிறைவு நாளில் முதல் பெயராக அருளப்பு ஐயாவுக்கு நன்றி சொன்னார்கள், அவர் நீடூழி வாழச் செபித்தார்கள். நான் பெடலைச் சுற்றிக்கொண்டு ஆமென் சொன்னேன். அந்தச் செபத்தை ஆத்தும இளைப்பாற்றிக்கு மாற்றி ஒருமுறை சொல்லிவிடட்டும்.

மகன், உயிரோடு இருந்து இதைக் கேட்டால், அங்கேயே இரு. அப்பாவுக்காக வராதே, எனக்காகவும் வராதே. என்னைக் கூட்டிப் போகவும் யோசிக்காதே, அவரை விட்டுவிட்டு நான் வர மாட்டேன். என்னில் கோபம் என்றால் கோபமாக இரு, ஆனால் கரையில் இரு. செய்தி நேரம் நின்றபிறகு உன் பதில் றேடியோவில் வர வழி இல்லை. கோயில் விலாசத்துக்கு எழுது, "கேட்டேன்" என்று ஒரு சொல் போதும். அதுவும் வராமல் போகலாம். நீ கேட்டாயா இல்லையா என்று எனக்கு ஒருகாலமும் தெரியாமல் போகலாம். இருந்தாலும் காலை ஆறரைக்கு இந்த முற்றத்தில் உன் சைக்கிளைச் சுற்றிக்கொண்டுதான் இருப்பேன். வேறு எங்கே போகப் போகிறேன்.

இன்றைக்கு ஆவணி. வெளியே சோளகம் வேலியைப் பிடுங்குகிறது. நான் படியில் குந்தியிருந்து எண்ணினேன். கிளாலி கடந்து கொழும்புக்கு, அங்கே இருந்து கடல் கடந்து அவர்கள் கைக்கு, பிறகு வாசிக்கிற வரிசைக்கு. இரண்டு தரம் எண்ணினேன், இரண்டு தரமும் கார்த்திகைக் கடைசிக்குத்தான் வந்தது. அப்போது கடல் கொந்தளிக்கும், வள்ளம் விடுகிற காலம் இல்லை.

மகன், இப்ப வாடை வீசுது. இதைச் சொல்வது அப்பா இல்லை, அம்மா.